டீச்சரைக் கேளுங்கள்: லண்டன் பேத்திக்கு ஒரு சட்டம், டல்லாஸ் பேத்திக்கு ஒரு சட்டம்

(காரைக்குடியில் உயிரியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதும் பகுதி. சென்ற இதழில் பள்ளியில் பாலியல் கல்வி பற்றி இரண்டு வரி எழுதியிருந்தார். இந்த இதழ்க் கேள்விகள் எல்லாம் அதையொட்டி வந்தவை.)

டீச்சர், என் மகள் லண்டன் பக்கத்தில் இருக்கிறாள். அவள் மகளுக்குப் பத்து வயது நடக்கிறது. உடல் வளர்ச்சி, உறவுகள் பற்றிப் பாடம் எடுக்கப் போகிறோம் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்ததாம். மாப்பிள்ளை பிள்ளையை அனுப்பவே கூடாது என்கிறார். மகன் டல்லாஸில். அவன் மகளுக்குப் பன்னிரண்டு. அங்கே, நீங்கள் கையெழுத்துப் போட்டால்தான் பாடம் என்கிறார்களாம். இரண்டும் வெள்ளைக்காரன் தேசம்தானே, ஏன் இப்படி? ஒருத்திக்கு ஆயாவும் ஒருத்திக்கு அப்பத்தாவுமாக நடுவில் நான் என்ன சொல்வது?
*— ஒரு ஆச்சி, பள்ளத்தூர்*

ஆச்சி, முதலில் லண்டன். இங்கிலாந்தில் 2020 செப்டம்பரிலிருந்து எல்லா ஆரம்பப் பள்ளியிலும் உறவுக் கல்வி கட்டாயம். நட்பு, குடும்பம், யார் தொட்டால் சரி, யார் தொட்டால் சொல்ல வேண்டும், இதெல்லாம் அதில் அடக்கம். பூப்பெய்துவது, குரல் உடைவது போன்றவை உடல்நலப் பாடத்தில் வரும். அரசுப் பள்ளிகளில் அதுவும் கட்டாயம். பாலியல் கல்வி என்று தனியாக உள்ளது மேல்நிலைப் பள்ளியில்தான் கட்டாயம். ஆரம்பப் பள்ளியில் அது பள்ளிக்கூடத்தின் விருப்பம். எடுத்தால், பெற்றோர் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம், தலைமை ஆசிரியர் மறுக்க முடியாது. ஆனால் உறவுக் கல்வியிலிருந்தும், அறிவியல் பாடத்தில் வருவதிலிருந்தும் விலக்க முடியாது. ஆகவே உங்கள் மாப்பிள்ளை எவ்வளவு கோபப்பட்டாலும், மாதவிடாய் என்றால் என்ன என்று அந்தப் பிள்ளை பள்ளியில் கேட்கத்தான் போகிறது.

இன்னொன்றும் உண்டு. பிள்ளைக்கு 16 வயதாக மூன்று பள்ளிப் பருவங்கள், அதாவது ஒரு கல்வியாண்டு, இருக்கும்போது பேச்சு மாறிவிடும். அப்பா அம்மா விலக்கி வைத்திருந்தாலும், நான் படிக்கிறேன் என்று பிள்ளை சொன்னால் பள்ளி ஏற்பாடு செய்து தர வேண்டும். எனக்கு அந்தச் சட்டத்தில் பிடித்த இடம் இதுதான்.

உங்கள் மகள் அப்படியே மேற்கே வேல்ஸுக்குக் குடிபோனால் கதை வேறு. அங்கே 2022 செப்டம்பரில் வந்த புதிய பாடத்திட்டத்தில் உறவுக் கல்வியும் பாலியல் கல்வியும் சேர்ந்தே கட்டாயம், விலக்கும் உரிமையே கிடையாது. சில பெற்றோர் நீதிமன்றம் போனார்கள், தோற்றார்கள். ஸ்காட்லாந்தில் வழிகாட்டுதல் இருக்கிறது, சட்டக் கட்டாயம் இல்லை. ஒரே ராஜா, ஒரே பாஸ்போர்ட், ரயிலில் சில மணி நேரம், அதற்குள் இத்தனை!

டல்லாஸ் இதைவிட வேடிக்கை. அமெரிக்காவில் பள்ளியில் என்ன சொல்லிக்கொடுப்பது என்பதில் மத்திய அரசுக்கு அதிகாரம் இல்லை. மாநிலம் சொல்லும், அதற்குள் அந்தந்த வட்டாரப் பள்ளி வாரியம் சொல்லும். டல்லாஸ் இருக்கும் டெக்ஸாஸ் மாநிலத்தில் இந்தப் பாடம் எடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. எடுத்தால், கல்யாணமாகாத பிள்ளைகளுக்கு உடலுறவிலிருந்து விலகியிருப்பதே சிறந்த வழி என்று அழுத்திச் சொல்ல வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். பெற்றோர் எழுத்தில் சம்மதம் தந்தால்தான் பிள்ளை வகுப்பில் உட்காரலாம் என்ற முறை 2021-ல் வந்தது. கலிஃபோர்னியாவில் நேர் எதிர். 2016-ல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, ஏழாம் வகுப்புக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் குறைந்தது இரண்டு முறை, கருத்தடை, நோய்த் தடுப்பு உட்பட முழுசாகச் சொல்லியாக வேண்டும். வேண்டாம் என்பவர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

எழுதிக் கொடுத்தால் உள்ளே, எழுதிக் கொடுத்தால் வெளியே, இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியும். சின்னது இல்லை ஆச்சி. சம்மதக் கடிதம் புத்தகப் பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். டெக்ஸாஸில் அப்படிக் கிடந்தால் பிள்ளைக்குப் பாடம் இல்லை. கலிஃபோர்னியாவில் அப்படிக் கிடந்தால் பாடம் உண்டு. பெற்றோரின் சோம்பேறித்தனம் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதைத்தான் அந்தச் சட்டங்கள் முடிவு செய்கின்றன.

சரி, யாருக்கு என்ன சொல்வது? மகனிடம் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். மாப்பிள்ளையிடம் நீங்கள் நேராகப் பேச மாட்டீர்கள், தெரியும். மகளிடம் சொல்லுங்கள்: பள்ளியில் என்ன படம், என்ன புத்தகம் காட்டுகிறார்கள் என்று கேட்டு இருவரும் முதலில் பார்க்கட்டும். இங்கிலாந்தில் பள்ளி அதைக் காட்ட வேண்டும், பெற்றோரைக் கலந்துகொண்டுதான் திட்டமே எழுத வேண்டும். பார்த்த பிறகும் வேண்டாம் என்றால், அன்று ராத்திரி மாப்பிள்ளையே உட்கார்ந்து பிள்ளைக்குச் சொல்லட்டும். விலக்குகிறவர் வீட்டில் சொல்லியாக வேண்டும் என்பது என் கட்சி. வகுப்பில் இல்லாத பிள்ளைக்கு, வகுப்பில் இருந்த பிள்ளைகள் மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிடுவார்கள். ஆசிரியர் சொன்னது மாதிரி இருக்காது.

என் மூத்த மகள் தமிழ் வழியில் எட்டாம் வகுப்பு. வளரிளம் பருவம் பற்றிய பாடம் வந்ததும் "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்களாம். இளையவள் சிபிஎஸ்இ. நம் நாட்டில் இதைக் கட்டாயம் நடத்த வேண்டும் என்று சட்டம் இல்லையா?
*— ஒரு தகப்பனார், தேவகோட்டை*

பாடம் இருக்கிறது, கட்டாயம் இல்லை. பாலியல் கல்வி என்ற பெயரில், இந்த வகுப்பில், இத்தனை மணி நேரம் நடத்தியே ஆக வேண்டும் என்று நாடு முழுவதற்குமான சட்டம் நம்மிடம் கிடையாது. கல்வி 1976-ல் பொதுப் பட்டியலுக்குப் போனது. மத்திய அரசும் சொல்லலாம், மாநிலமும் சொல்லலாம். நல்ல விஷயத்தில் இருவரும் சொல்லாமலும் இருக்கலாம்.

கொஞ்சம் பழைய கதை. எய்ட்ஸ் பயம் உச்சத்தில் இருந்தபோது, 2005 வாக்கில், மத்திய அரசு வளரிளம் பருவக் கல்வித் திட்டம் ஒன்றைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. ஆசிரியர் கையேட்டில் இருந்த படங்களைப் பார்த்துக் கொதித்துப் போனார்கள். 2007-ல் குஜராத், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், கர்நாடகம் என்று வரிசையாகத் தடை. கட்சி வித்தியாசம்கூட இல்லை. 2009-ல் வெங்கய்ய நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளியில் பாலியல் கல்வியே கூடாது என்று அறிக்கை கொடுத்தது. அதே காலத்தில் ஜார்க்கண்டில் 'உடான்' என்ற பெயரில் அரசுப் பள்ளிகளில் வளரிளம் பருவக் கல்வி 2006-ல் ஆரம்பித்துத் தொடர்ந்து நடந்தது. பணக்கார மாநிலம், படித்த மாநிலம் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, பாருங்கள்.

அதற்கப்புறம் பெயரை மாற்றிக்கொண்டு விஷயம் பின்வாசல் வழியாக வந்தது. 2020 பிப்ரவரியில் ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டம் வந்தது. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பதினொரு தலைப்புகள், அதில் இனப்பெருக்க நலனும் எச்ஐவி தடுப்பும் உண்டு. பக்கத்துக் கேரளத்தில், பாலியல் அத்துமீறலிலிருந்து தற்காத்துக்கொள்ளும் பாடத்தைச் சேர்க்கச் சொல்லி 2022-ல் உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில், குழந்தைகளின் ஆபாசப் படம் பற்றிய ஒரு சென்னை வழக்கில், விரிவான பாலியல் கல்வித் திட்டத்தை மத்திய அரசு யோசிக்க வேண்டும் என்றது. 2025 அக்டோபரில் இன்னொரு வழக்கில், ஒன்பதாம் வகுப்பிலிருந்து தொடங்குவது போதாது, சின்ன வயதிலேயே தொடங்க வேண்டும் என்றது. ஆனால் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சொன்னது கருத்து. கால அட்டவணையில் ஒரு பிரிவேளையை அது உண்டாக்காது.

உங்கள் மூத்த மகள் புத்தகத்தில் 'வளரிளம் பருவமடைதல்' என்று முழுப் பாடம் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கம் வருகிறது. கருத்தடை முறை எல்லாம் விரிவாக வருவது பிளஸ் டூ உயிரியலில். அங்கேதான் எனக்கு எரிச்சல். பிளஸ் ஒன்னில் வணிகவியல் எடுக்கும் பிள்ளைக்கு அது கிடையாது. நம் ஊர்ப் பக்கம் கணக்குப் பதிவியல் குரூப்பில் எத்தனை பிள்ளைகள் என்று உங்களுக்குத் தெரியும். வரவு செலவு எழுதத் தெரியும், கரு எப்போது உண்டாகும் என்று தெரியாது, இருபத்திரண்டில் கல்யாணம்! சிபிஎஸ்இ-யின் புதிய புத்தகத்தில் வளரிளம் பருவப் பாடம் ஏழாம் வகுப்புக்கே வந்துவிட்டது. அதனால் உங்கள் இளையவள் ஒரு வருஷம் முன்னாலேயே படிப்பாள், அங்கேயும் யாரும் தாண்டிப் போகாமல் இருந்தால்.

நான் வேலையில் இருந்தபோது ஆசிரியர் அறையில் இந்தப் பாடம் கைமாறிக்கொண்டே இருக்கும். "நீங்கள்தான் பெண் டீச்சர், நீங்களே எடுத்துவிடுங்கள்" என்பார்கள். பரீட்சைக்கு வரும் படத்துக்கு மட்டும் பாகம் குறிக்கச் சொல்லிவிட்டு மணி அடிக்கக் காத்திருப்பவர்களும் இருந்தார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. எந்தப் பயிற்சியிலும் அவர்களுக்கு இதைச் சொல்லித் தரவில்லை. புத்தகத்தில் பக்கம் இருப்பதைக் காட்டித் திட்டம் நடக்கிறது என்று அரசு கணக்குச் சொல்லலாம். யார் எடுப்பது, எந்த மணி நேரத்தில், எடுத்தார்களா என்று யார் பார்ப்பது, இந்த மூன்றும் எழுத்தில் வராதவரை அது கட்டாயம் இல்லை.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கும்போது போய், "எட்டாம் வகுப்பில் இந்தப் பாடம் நடத்தினீர்களா?" என்று கேளுங்கள். பாலியல் என்ற சொல்லே வேண்டாம். பாடம் நடத்தவில்லை என்பது எந்தத் தலைமை ஆசிரியரும் விரும்பாத புகார்.

இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போகாதா?
*— கல்லல் வாசகர்*

போகாது. ஸ்வீடன் 1955-லேயே பள்ளியில் கட்டாயமாக்கியது. யுனெஸ்கோ பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2018-ல் வெளியிட்ட வழிகாட்டியில், இந்தக் கல்வியால் பிள்ளைகள் சீக்கிரம் உறவில் ஈடுபடுவதில்லை என்று தெளிவாகச் சொல்கிறது. வேண்டாம் என்று மட்டும் சொல்லும் திட்டங்கள் அவர்களைத் தள்ளிப்போட வைக்கவும் இல்லை. கெடுப்பதற்குக் கையிலேயே போன் இருக்கிறது ஐயா, பள்ளிக்கூடம் எதற்கு?

டீச்சர், நான் திருப்பத்தூர் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான். ஆணும் பெண்ணும் சேர்ந்த வகுப்பு. பாடத்தின் தலைப்பை எழுதியதுமே சிரிக்கிறார்கள். எனக்கே வியர்க்கிறது. எப்படி நடத்துவது?

தம்பி, சிரிக்கட்டும். முதல் பத்து நிமிஷம் யாராலும் தடுக்க முடியாது. நீங்கள் கோபப்பட்டால், இது கோபப்பட வேண்டிய விஷயம் என்று அவர்களுக்குப் பதிந்துவிடும். உறுப்புகளின் பெயரைக் கரும்பலகையில் பெரிதாக எழுதுங்கள். இதயம், நுரையீரல் என்று சொல்லும் அதே குரலில் சொல்லுங்கள். குரலைத் தணித்தீர்களோ, தீர்ந்தது.

ஆண் பிள்ளைகளைத் தனியாகப் பிரிக்கச் சொல்வார்கள். பாடத்துக்குப் பிரிக்காதீர்கள். மாதவிடாய் என்றால் என்னவென்று பையன்களுக்குத் தெரிய வேண்டும். அக்கா தங்கையோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு, மூன்று நாள் அவள் ஏன் பின்கட்டில் இருக்கிறாள் என்று தெரியாமலே வளர்ந்த ஆண்கள் நம் ஊரில் ஏராளம். கேள்வி நேரத்துக்கு மட்டும் பிரித்துக்கொள்ளுங்கள்.

கேள்விக்கு நான் கையாண்ட வழி இது. மிட்டாய்க் கடை அட்டைப்பெட்டி ஒன்றின் மூடியில் துளை போட்டு மேஜைமேல் வைப்பேன். எல்லோருக்கும் ஒரே அளவு துண்டுத்தாள். கேள்வி இருப்பவர் எழுத வேண்டும், இல்லாதவர் "கேள்வி இல்லை" என்று எழுத வேண்டும், பெயர் வேண்டாம். எல்லோர் கையும் எழுதிக்கொண்டிருப்பதால் யாருக்குச் சந்தேகம் என்று யாருக்கும் தெரியாது. பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு, மறுநாள்தான் பதில் சொல்வேன். உடனே பதில் சொல்லாதீர்கள். சில சீட்டுகள் உங்களைத் தூங்க விடாது.

பெண் பிள்ளைகள் பெரும்பாலும் கேட்பது: மாதாமாதம் தேதி தவறுகிறதே, எனக்கு ஏதும் கோளாறா? வயதுக்கு வந்த முதல் இரண்டு மூன்று வருஷம் முன்பின் ஆவது இயல்பு என்று சொல்லுங்கள். மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டாலோ, எழுந்திருக்க முடியாத வலி இருந்தாலோ டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். ஊறுகாய் ஜாடியைத் தொட்டால் கெட்டுப்போகுமா என்று நிச்சயம் ஒரு சீட்டு வரும். ஈரக் கையோடு யார் தொட்டாலும் கெடும் என்பதே பதில். ஆயா கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

பையன்களின் சீட்டுகள்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தன. தூக்கத்தில் விந்து வெளியேறுவது நோயா, உடம்பு இளைத்துவிடுமா, கல்யாணம் செய்துகொள்ள முடியாதா? இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது? பஸ் ஸ்டாண்ட் சுவரைப் பாருங்கள். இளமையில் செய்த தவறு, ஆண்மைக் குறைவு, இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் வைத்தியர் வருகிறார். நம் பையன்களுக்கு இன்றைக்கும் பாலியல் கல்வி அந்தச் சுவர்தான், இப்போது யூடியூப்பிலும் அதே சுவர். பெண் பிள்ளைகளுக்காவது ஒரு காலத்தில் இரண்டாங்கட்டில் புதிதாகக் கல்யாணமான ஆச்சிகள் காதோடு காதாகப் பாதி சரியும் பாதி தப்புமாகச் சொல்வார்கள். பையன்களுக்கு அதுவும் கிடையாது. முகப்பில் உட்கார்ந்திருக்கும் ஐயாவிடம் போயா கேட்பான்? அது நோய் இல்லை, வளர்ச்சியில் வருவது, மருந்து வேண்டாம், யாருக்கும் பணம் கொடுக்காதே என்று ஓர் ஆண் ஆசிரியர் வாயால் சொல்வதற்கு மதிப்பு அதிகம். அந்த வேலை என்னால் முழுசாக முடியாதது. உங்களால் முடியும்.

தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெற்றோர் கேட்டால் புத்தகத்தைத் திறந்து காட்டுங்கள். அரசு அச்சடித்தது, நீங்கள் எழுதியது இல்லை.

நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். என் தோழிக்குச் சொந்தக்காரர் ஒருவரால் தொந்தரவு. டீச்சரிடம் சொன்னால் அவர் ரகசியமாக வைத்திருப்பாரா? ஊர் பெயர் போட வேண்டாம்.

மாட்டாரம்மா. அவர் வைத்திருக்கக் கூடாது. 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி, 18 வயது நிறையாதவருக்குப் பாலியல் தொந்தரவு நடந்தது தெரிந்த யாரும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் அவருக்கே தண்டனை உண்டு. நல்ல டீச்சராக இருந்தால், அவள் பேச ஆரம்பிக்கும்போதே இதை அவளிடம் சொல்லிவிடுவார்.

போலீஸ் என்றதும் பயப்படாதே. அவள் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதில்லை. அவள் வீட்டிலோ, அவள் சொல்லும் வேறு இடத்திலோ வாக்குமூலம் வாங்கலாம். கூடுமானவரை பெண் எஸ்.ஐ. வருவார், சீருடையில் வரக் கூடாது. மருத்துவப் பரிசோதனையைப் பெண் டாக்டர்தான் செய்ய வேண்டும். அவள் பெயரையோ படத்தையோ பத்திரிகையில் போடக் கூடாது. இதெல்லாம் அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-உம் இருக்கிறது. இன்றைக்கே பேசச் சொல். அவள் பேசாவிட்டால் நீ பேசு. நடந்ததில் அவள் தப்பு எதுவும் இல்லை என்பதை மட்டும் அவளிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிரு.

மகனுக்குச் சிங்கப்பூருக்கு மாற்றல். மருமகளின் அண்ணன் ஈப்போவில் இருக்கிறார். பிள்ளைகளுக்கு எந்த ஊரில் இந்தத் தொல்லை குறைவு?
*— கோட்டையூர் வாசகி*

தொல்லை என்கிறீர்கள், சரி. சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி ஐந்தாம் வகுப்பிலிருந்து உண்டு. பாடத்தைக் கல்வி அமைச்சே எழுதுகிறது. வெளி அமைப்புகள் வந்து பாடம் நடத்தியது பற்றி 2009-ல் பெரிய சர்ச்சை ஆகி, அவர்களை நிறுத்தியே வைத்தார்கள். கல்யாணத்துக்கு முன் விலகியிருப்பதே நல்லது என்ற அடிப்படையில்தான் நடத்துகிறார்கள், ஆனால் கருத்தடை, நோய் பற்றியும் சொல்கிறார்கள். வேண்டாம் என்றால் எழுதிக் கொடுத்து விலக்கலாம். உங்களுக்கு ஒத்துவரும்.

மலேசியாவில் மேல்நிலைப் பள்ளியில் 1989-லிருந்து உண்டு. 2011-லிருந்து ஆரம்பப் பள்ளியிலும் இனப்பெருக்க, சமூக நலக் கல்வி என்று உடற்கல்வியோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். அங்கேயும் அது ஆசிரியரைப் பொறுத்ததுதான்: கூச்சப்படுகிறவர் பிள்ளைகளைப் பந்து விளையாட அனுப்பிவிடுவார். நான் பிள்ளையை அனுப்புவதாக இருந்தால் சிங்கப்பூர் என்பேன். அங்கே கால அட்டவணையில் இருப்பதை நடத்திவிடுவார்கள்.